ஏலத்தின் ஏலம்: திரையில் விழும் விலை எதன் விலை?

தமிழில் ‘ஏலம்’ என்ற ஒலிக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரநிழலில் விளையும் ஏலக்காயைக் குறிப்பது. மற்றொன்று போட்டி போட்டு விலை கேட்கும் விற்பனை முறையைக் குறிப்பது, போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவோ’விலிருந்து வந்து முதலெழுத்தை வழியில் உதிர்த்துவிட்டது. மலையாளத்தில் அந்த எழுத்து உதிராமல் ‘லேலம்’ என்றே நிற்பதால், கேரளத்து வண்டன்மேட்டில் வேறுவேறாக ஒலிக்கும் ஏலமும் லேலமும் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கு வரும்போது ஒரே சொல்லாகிவிடுகின்றன. சொல்லளவில் நிகழ்ந்த இந்தக் கலப்பால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் பண்டத்தையும் அதன் ஏலத்தையும் கருத்தளவிலும் ஒன்றாக்கி, ஏலத்தில் விழுந்த விலையே பண்டத்தின் மதிப்பு என்று கொள்ளும் பழக்கம் இடுக்கி எல்லையின் இருபுறமும் வேரூன்றியிருக்கிறது. அதனால் நட்டமடைவோர் பலர்.

மறுக்கப்பட வேண்டிய கருத்தை அதன் வலுவான வடிவத்திலேயே வைக்கலாம். ஆன்லைன் ஏலம், அதாவது வாங்குவோர் கணினி வழியே விலை கேட்கும் ஏலம், பண்டத்தின் உண்மை விலையைக் கண்டறிந்து காட்டும் கருவி என்றும், அங்கே விலை ஏறினால் தேவை ஏறியிருக்கிறது, இறங்கினால் தேவை இறங்கியிருக்கிறது என்றும், இடையில் எவர் கையும் புகாததால் அந்த எண்ணை மறுப்பது தராசோடு சண்டை போடுவதற்குச் சமம் என்றும் இக்கருத்தினர் கூறுவர். பொருளியல் நூல்கள் ‘விலை கண்டறிதல்’ என்று பெயரிட்டு விளக்கும் இக்கருத்து வணிகச் செய்திகளில் விவாதமின்றி ஏற்கப்படுகிறது. விலை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் விவசாயிகளின் பேச்சிலும் இடம்பிடித்துவிடுகிறது. இதற்குத் துணையாக எளிதில் வந்து நிற்பது பழம்பொருள் உவமை: யாரோ அணிந்து கழற்றிப்போட்ட பழைய தொப்பிக்கே இணைய ஏலத்தில் தக்க விலை அமையும்போது, உலகம் முழுதும் கேட்கும் ஏலக்காய்க்கு அமையாதா? உவமை நல்ல உவமைதான். அதை முழுக்கப் பின்தொடர்ந்தால் அது எடுத்தவரையே திருப்பி அடிக்கும் என்பது பின்னர் தெரியும்.

கணினி ஏலம் எந்த நன்மையும் செய்யவில்லை என்பது இங்கே வாதமில்லை. திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் ஏலமலையின் விளைச்சலைத் தன் ஏகபோகமாக வைத்து ஆலப்புழையில் சேர்த்து விற்றது. உயர்ந்த காய்க்கு இன்றும் ‘ஆலப்பி கிரீன்’ என்ற தரப்பெயர் நிலைத்திருப்பது அந்தத் துறைமுக வணிகத்தின் எச்சம். ஏகபோகம் விலகிய பிறகு வந்த தனியார் வணிகத்தில் விலை சொல்பவர் வாங்குபவரே. 1965-இல் ஏலக்காய்ச் சட்டமும் அடுத்து அதன்வழி ஏலக்காய் வாரியமும் வந்தன; 1987-இல் அவ்வாரியம், வட்டாரத்தில் ஸ்பைசஸ் போர்டு என்று அறியப்படும் நறுமணப் பொருள் வாரியத்தில் கலந்தது; அதே ஆண்டின் விதிகள் ஏலம் நடத்துவோருக்கும் வாங்குவோருக்கும் உரிமம் வேண்டும் என்றன. அப்போதும் ஏலம் வாயால் கேட்கும் ஏலமாகவே நடந்தது. பெரிய வியாபாரி ஒரு விலை சொன்னபின் அவர் முகத்துக்கெதிரே ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்கச் சிறிய வியாபாரிக்கு நாக்கு எழாது. 2007-இல் கணினி ஏலம் வந்தபோது கேட்டவர் முகம் மறைந்தது. 2021-இல் போடிநாயக்கனூர் கூடமும் இடுக்கியின் புற்றடி ஸ்பைசஸ் பார்க் கூடமும் ஒரே வலையில் இணைக்கப்பட்டபின், பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடக்காமலேயே இரு ஊரிலிருந்தும் ஒரே லாட்டுக்கு, அதாவது ஒன்றாக விற்கப்படும் சரக்குத் தொகுதிக்கு, விலை கேட்க முடிந்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள். இவற்றை ஏற்றுக்கொண்ட பிறகே கேள்வி தொடங்குகிறது: முகம் மறைந்ததால் விலை உண்மையாகிவிட்டதா?

‘ஆன்லைன்’ என்ற சொல்லே இங்கே பாதி உண்மையைத்தான் சொல்கிறது. இந்த ஏலத்தில் தில்லியிலோ இந்தூரிலோ வீட்டில் அமர்ந்திருக்கும் ஒருவர் கைப்பேசியைத் தட்டி விலை கேட்டுவிட இயலாது; உரிமம் பெற்ற வியாபாரியோ அவருடைய ஆளோ அந்தக் கூடங்களில் ஒன்றில் கணினிக்கு முன் உட்கார வேண்டும். காரணம் சாம்பிள். ஏலக்காய் பெரும்பாலும் தரம் பிரிக்கப்படாமல், தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் அறையில், காய்ந்து வந்தபடியே லாட்டாகப் பதியப்படுகிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கைப்பிடியளவு காய் மேசைக்கு வரும்போது வியாபாரி அதை விரலால் பரப்பி, பச்சை நிறம் ஒன்றுபோல் நிற்கிறதா வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கக்கூடிய பருங்காய் எத்தனை பங்கு என்று கண்ணாலேயே கணித்து, ஒரு காயைப் பிளந்து விதை கறுத்து முற்றியிருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்து, கசக்கி முகர்ந்துவிட்டுத் திரைக்குத் திரும்புகிறார். அனுபவப்பட்டவர் லிட்டர் எடையை, அதாவது ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் காய் நிற்கும் என்பதை, தராசில்லாமலே ஏறக்குறையச் சொல்லிவிடுவார். முற்றாமல் பறித்த காய் உலரும்போது சுருங்கி உள்ளே காற்றாக நிற்பதால் அளவு பெரிதாயிருந்தும் எடை நிற்காது. இத்தனையும் முடிந்தபின்தான் விரல் விசையைத் தொடுகிறது. திரையில் தோன்றும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது உலகச் சந்தை என்று கொள்வது மிகை. அன்று அந்தக் கூடத்துக்கு வந்து அந்தக் காயை முகர்ந்தவர்களே அங்கே இருக்கிறார்கள்.

இனித் தொப்பி. பிரிட்டிஷ் காலத் தோட்டத் துரைமார் தலையிலிருந்த வெண்ணிறக் கவசத் தொப்பி ஆங்கிலத்தில் ‘சோலா டோப்பி’ எனப்பட்டது. வெயிலுக்கான தொப்பி என்பதால் ‘சோலார்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு; உண்மையில் அது சதுப்பில் வளரும் நெட்டிச் செடியின் உள்ளீட்டால் ஆனது, அச்செடிக்கு வடக்கே சோலா என்று பெயர். தஞ்சாவூரில் பெரிய கோயிலின் சிற்றுருவைச் செதுக்கும் அதே நெட்டிதான். இன்று அத்தொப்பியும், அமெரிக்க ஸ்டெட்சன், இத்தாலிய போர்சலினோ முதலிய ஃபெல்ட் தொப்பிகளும் பழம்பொருளாக இணைய ஏலத்தில் விற்கின்றன. 1995-இல் தொடங்கிய ஈபே தளத்தில் ஏலம் நடக்கும் விதம் இது: வாங்க விரும்புபவர் தாம் தரக்கூடிய உச்சத்தைத் தளத்திடம் இரகசியமாகச் சொல்லிவைப்பார், தளம் அவருக்காகப் படிப்படியாக விலையைக் கூட்டி, இரண்டாவதாக நின்றவரின் உச்சத்தைச் சற்றே தாண்டியதும் நிறுத்திவிடும். ஒரு தொப்பிக்கு ஒருவர் 20,000 ரூபாய்வரை தரத் தயாராயிருந்து, அடுத்தவர் 2,900 ரூபாயோடு நின்றுவிட்டால், தொப்பி மூவாயிரத்தை ஒட்டி விற்றதாகப் பதிவாகும். அதாவது விலையை முடிவுசெய்தது வாங்கியவர் தலை அல்ல, தோற்றவர் தலை. தொப்பியில் இது சொல்லளவிலும் உண்மை: தொப்பிக்கு அளவு உண்டு, பெரிய தலைக்குப் பொருந்தும் பழந்தொப்பிகள் அரிது, அந்த அளவுத் தலையுள்ள இரண்டாவது ஆசைக்காரர் அந்த வாரம் ஊரில் இல்லையென்றால் அதே தொப்பி பாதி விலைக்கும் போகும். பாதி விலைக்குப் போன அடுத்த நாள், பழந்தொப்பி மோகம் குறைந்துவிட்டது என்று எவரேனும் எழுதினால், அவர் ஒருவரின் விடுமுறையை உலகத்தின் ரசனை மாற்றம் என்று எழுதியவராவார்.

ஏலத்தின் முடிவு விதியை மாற்றினாலே நடத்தை மாறிவிடும் என்பதையும் பழம்பொருள் ஏலங்கள்தாம் காட்டின. பொருளியலாளர்களான ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நேரத்தில் கண்டிப்பாக முடியும் ஈபே ஏலங்களில் கேட்போர் கடைசி நொடிவரை பதுங்கியிருந்ததையும், எவரேனும் கேட்டால் நேரம் நீளும் அமேசான் ஏலங்களில் அந்தப் பதுங்கல் வெகுவாகக் குறைந்ததையும் ஒப்பிட்டனர். பண்டம் ஒன்றே, ஆசையும் ஒன்றே. விதி வேறானதால் விளையாட்டு வேறாயிற்று. ஏலத்தின் விலை தேவையின் நிழல் என்றால், விளக்கை இடம் மாற்றியதும் நிழல் நீண்டு குறுகுவதையும் ஏற்க வேண்டும்.

ஏலக்காய்க் கூடத்திலும் இரண்டாவது ஆளே விலையை முடிவுசெய்கிறார். ஏறிக்கொண்டே போகும் எந்த ஏலத்திலும் கடைசிக்கு முந்தையவர் கையெடுத்த இடத்தில் விலை நிற்கிறது. வென்றவர் இன்னும் எவ்வளவு தந்திருப்பார் என்பது அவரோடு போய்விடுகிறது. ஆகவே விலையின் உயரத்துக்குத் தேவையைக் காட்டிலும் அருகிலுள்ள காரணம், அந்த லாட்டுக்கு எத்தனை பேர் மெய்யாகப் போட்டியிட்டார்கள் என்பது. பொருளியலாளர்களான ஜெரமி புலோ, பால் கிளெம்பெரர் இருவரும் 1996-இல் கணித முறையில் நிறுவிய முடிவு இதற்கு நேராகப் பொருந்தும்: சில நிபந்தனைகளின் கீழ், விற்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும் கிடைக்கும் ஆதாயத்தைவிட, ஏலத்துக்குக் கூடுதலாக ஒரே ஓர் ஆளைக் கொண்டுவருவதில் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஒரு நாற்காலி காலியாக இருப்பதன் விலையை விவசாயி தருகிறார். அந்தக் காலி நாற்காலி எந்த நாளிதழ்ப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

எல்லை அடைபட்ட 2020-ஆம் ஆண்டு இதைத் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது ஏலம் அடியோடு நின்றது. மீண்டும் தொடங்கியபோதும் மாநில எல்லையைக் கடப்பதற்கான கட்டுப்பாடுகள் நீடித்தன, பெரும்பாலான வாங்குவோரோ எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தவர். ‘ஆன்லைன்’ ஏலத்தை எல்லைச் சாவடி நிறுத்த முடிந்தது என்ற ஒன்றே, அது எவ்வளவு தூரம் ஆன்லைன் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது, நாள்தோறும் வெளிவரும் எண்களை வாசிக்கும் விதம். 2019 ஆகஸ்டுத் தொடக்கத்தில் புற்றடியில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது, அந்த எண் எல்லையின் இருபுறமும் திருவிழாபோல் கொண்டாடப்பட்டது. அது உச்ச விலை. அதாவது அன்று வந்த பல லாட்டுகளில் மிக நல்ல ஒன்றுக்குக் கிடைத்த விலை. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. உச்ச விலையைப் பார்த்து நிலம் வாங்கியவரும், மரநிழலைக் கழித்துப் புதிதாகத் தட்டை, அதாவது ஏலச்செடியின் தண்டு, நட்டவரும், ஒரே ஒரு தொப்பியின் விலையைப் பார்த்துத் தொப்பித் தொழிற்சாலை தொடங்கியவரைப் போன்றவரே. சரி, சராசரி விலையாவது நம்பத்தக்கதா என்றால், அதிலும் பொறி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு நாள் வந்த சரக்கில் பாதி பருங்காய், கிலோ 3,000 ரூபாய், பாதி சிறுகாய், கிலோ 2,000 ரூபாய், சராசரி 2,500. அடுத்த ஏலத்தில் பருங்காய் மூன்று பங்கும் சிறுகாய் ஏழு பங்குமாக வந்தால், பருங்காயும் சிறுகாயும் நேற்றைய விலைக்கே விற்றாலும் சராசரி 2,300-க்கு இறங்கும். எந்தக் காயின் விலையும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், ஏலக்காய் விலை 200 ரூபாய் சரிந்ததாக மறுநாள் செய்தி வரும். ஏலக்காய் ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சுற்றுச்சுற்றாகப் பறிக்கப்படும் பயிர் என்பதாலும், சுற்றுக்குச் சுற்று காயின் பருமனும் நிறமும் மாறுவதாலும், இது அபூர்வமாக நேரும் விபத்தல்ல. சராசரியின் அன்றாட இயல்பு.

சராசரியைவிடவும் மோசமாக ஏமாற்றுவது வரத்து. வட்டாரத்தில் ரீபூலிங் எனப்படும் மறுபதிவு முறையை இங்கே விளக்க வேண்டும். ஏலத்தில் ஒரு லாட்டை எடுத்த வியாபாரி, அதையே, அல்லது அதிலிருந்து பருங்காயைச் சலித்து எடுத்த பின் எஞ்சியதை, மீண்டும் ஏலத்துக்குப் பதிந்து விற்பது மறுபதிவு. சரக்கு தேங்கிப்போன வியாபாரிக்கு அதை விற்க ஓர் இடம் வேண்டாமா என்று இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் வெறும் சாக்கு அல்ல; கையிருப்பைக் காசாக்க முடியாத வியாபாரி நாளை விலை கேட்க வரமாட்டார், அதனால் நட்டம் விவசாயிக்கும்தான். ஆனால் மறுபதிவாக வந்த காயும் தோட்டத்திலிருந்து நேரே வந்த காயும் ஒரே வரத்துக் கணக்கில் ஏறும்போது, தோட்டத்தை விட்டு ஒருமுறை மட்டுமே வெளியேறிய ஒரு மூட்டை இரண்டு முறை விளைந்ததாகக் காகிதத்தில் நிற்கிறது. வரத்து மிகுந்திருக்கிறது என்ற செய்தியைப் பார்க்கும் வாங்குவோர், இன்று விட்டால் நாளை மலிவாகக் கிடைக்கும் என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். வரத்துச் செய்தி விலையை இறக்குகிறது. இறங்கிய விலை வரத்துச் செய்தியை மெய்யாக்குகிறது. சலித்தெடுத்த மிச்சம் திரும்பி வரும்போது முந்தைய பத்தியின் கணக்குப்படி சராசரியும் சேர்ந்து இறங்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வளர்ப்போர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை இது. ‘கணினி பொய் சொல்லாது’ என்பது இதற்கு மறுமொழியாகாது; கணினி தன்னிடம் தரப்பட்ட மூட்டையைத்தான் எண்ணுகிறது, அது எத்தனையாவது முறை வந்த மூட்டை என்று கேட்பதில்லை.

விலை ஏற்றத்தைத் தேவையின் ஏற்றமாக வாசிப்பது எத்தனை பெரிய பிழைக்குக் கொண்டுபோகும் என்பதற்கு 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுகள் போதும். 2018 ஆகஸ்டு வெள்ளமும் மண்சரிவும் இடுக்கியின் தோட்டங்களைக் கிழித்தன. தொடர்மழையில் காய்கள் அழுகிச் சரத்திலேயே உதிர்ந்தன. அடுத்த கோடையில் நீர் வற்றித் தட்டைகள் காய்ந்தன. 2019-இன் விலை, கேட்பவர் பெருகியதால் வந்ததல்ல, கொடுக்கக் காய் இல்லாததால் வந்தது. அதைத் தேவையின் அழைப்பு என்று வாசித்து நடப்பட்ட கன்றுகள் மூன்றாம் ஆண்டில் பலன் கொடுக்கத் தொடங்கின; நாட்டின் ஆண்டு உற்பத்தி இருபதாயிரம் டன்னைத் தாண்டியது; 2022-இல் சராசரி விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்குக் கீழே போனது. இந்தியர்கள் அந்த மூன்றாண்டில் பாயசத்தில் ஏலக்காய் போடுவதைக் கைவிடவில்லை. பிறகு 2024-இன் கோடை வறட்சி தோட்டங்களை வாட்டியதும் விலை இரண்டாயிரத்தைத் தாண்டி ஏறியது. அப்போதும் தேவை பெருகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

இந்தக் கதையில் வேறொரு மலையும் உண்டு. 1914-ஐ ஒட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவரால் குவாத்தமாலாவின் ஆல்ட்டா வெராபாஸ் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட ஏலக்காய், அந்நாட்டை உலகின் மிகப் பெரிய ஏலக்காய் ஏற்றுமதி நாடாக்கியது. அங்கே உள்ளூரில் ஏலக்காயை உண்பார் அநேகமாக இல்லை. விளைவதெல்லாம் கப்பலேறி, அரபு நாடுகளில் ‘கஹ்வா’ என்னும் காப்பியில் இடிபடுகிறது. இந்திய விளைச்சலில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தீர்ந்தாலும், ஆல்ட்டா வெராபாசில் மழை பொய்த்தால் ரியாத்தின் வியாபாரி கொச்சிப் பக்கம் திரும்புகிறார், புற்றடித் திரையில் எண் நகர்கிறது. அந்த நகர்வில் இடுக்கிக் காயின் தரத்துக்கோ உள்நாட்டுத் தேவைக்கோ பங்கு எதுவுமில்லை.

ஏலக்காயோடு நில்லாமல் அதே இடுக்கி மாவட்டத்தின் மறையூரையும் பார்க்கலாம். கேரள வனத்துறை அங்குள்ள சந்தனக் கிடங்கின் மரங்களை, மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி வழியே இணைய ஏலத்தில் விற்கிறது. கட்டைகள் ‘விலாயத் புத்’ என்ற முதல் தரத்திலிருந்து சில்லும் பொடியும் வரை வகை பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிப்படை விலை குறிக்கப்படுகிறது. இங்கே பங்கேற்பவர் உண்மையிலேயே வெளியூரிலிருந்து கேட்கலாம். ஏலக்காயைப் போல் கலப்புச் சரக்கு இல்லை, மறுபதிவுக் குழப்பமும் இல்லை. அப்படியும் மைசூர் சாண்டல் சோப்பு தயாரிக்கும் கர்நாடக அரசு நிறுவனம் எவ்வளவு எடுக்கிறது என்பதே அந்த ஏலத்தின் போக்கைப் பெரிதும் முடிவுசெய்கிறது. ஒரு பெரிய வாங்குநர் ஒருமுறை ஒதுங்கினால் கட்டை விற்காமல் கிடங்கிலேயே கிடக்கும். சந்தனத்தின் மணம் அந்த மாதம் குறைந்திருக்காது.

இத்தனையும் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாம் போடி வியாபாரிகளின் சதி என்று முடிவுகட்டுவோரும் உண்டு. மலைமேல் தேநீர்க் கடைகளில் அதிகம் கேட்பது இந்த வாதமே. அதுவும் ஏற்கத்தக்கதன்று. ஏலத்தில் எடுத்த சரக்குக்குக் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டிய வியாபாரி, அதைக் கான்பூருக்கோ ஜெய்ப்பூருக்கோ கடனில் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். இந்த இடைவெளியைத் தாங்கும் முதல் உள்ளவர்கள் சிலரே என்பதால் கூடத்தில் நாற்காலிகள் குறைவு. சதி செய்யாமலேயே சிலர் மட்டும் கேட்கும் சந்தையில் விலை தாழ்ந்து நிற்கும். புலோவும் கிளெம்பெரரும் சொன்னதன் மறுபக்கம் அதுதான். வடநாட்டில் பணம் வரத் தாமதமாகும் மாதத்தில் புற்றடியில் விலை இறங்கினால், அதைத் தேவை குறைந்ததாக வாசிப்பதும் தவறு, துரோகமாக வாசிப்பதும் தவறு.

ஏலத்தை வழிபடுவோர் கவனிக்காத இன்னொன்று, ஏலத்துக்கு வராத காய். பழம்பொருள் தளங்களில் நேர்ந்தது இதற்கு முன்னோட்டம்: லிரான் ஐனவ் உள்ளிட்ட நால்வர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஈபேயில் விற்பவர்கள் ஏலத்தைக் கைவிட்டு நிலைவிலை விற்பனைக்குப் பெருமளவில் நகர்ந்துவிட்டதை விளக்கியது. நல்ல தொப்பி நிலைவிலைக்குப் போய், ஐயத்துக்குரிய தொப்பி ஏலத்தில் எஞ்சினால், ஏலத்தின் சராசரி வீழ்வதில் ரசனைக்கு என்ன பங்கு? ஏலமலையில் இந்த ஒதுங்கல் வேறு திசையில் நடக்கிறது. ஸ்டோர் கட்ட வசதியில்லாத ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் விவசாயி, கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ உள்ள மலைச்சரக்குக் கடையில் பச்சைக்காயாகவே போட்டுவிடுகிறார். பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ நிற்கும் என்பதால், கடைக்காரர் முந்தைய ஏலத்தின் சராசரியை ஐந்தால் வகுத்து, உலர்த்தும் கூலியையும் தம் இலாபத்தையும் கழித்து விலை சொல்கிறார். பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையில் விளையும் காய்க்கும் விலை பேசப்படுவது இடுக்கி ஏலத்தின் எண்ணை வைத்தே. சராசரி எண்ணில் உள்ள ஒவ்வொரு பிழையும், கூடத்தின் வாசலையே மிதித்திராத, திரையையே பார்த்திராத விவசாயியின் பையில் வந்து கழிகிறது. ‘ஏலத்தில் விற்க விருப்பமில்லாதவர் வெளியே விற்கலாமே’ என்ற எளிய மறுமொழி இதனால்தான் செல்லாது: வெளியே என்று ஓர் இடமே இல்லை.

தொப்பிக்கு ஒருமுறை திரும்பலாம். பாலக்காட்டு வயல்களில் மழைக்குக் குனிந்து நாற்று நட்டவர்கள் அணிந்த தொப்பிக்குடை, பனையோலையில் முடைந்த அகன்ற குடை போன்ற தலைக்கவசம், நெட்டித் தொப்பியைவிட வேலைப்பாட்டில் குறைந்ததல்ல. இணைய ஏலங்களில் துரையின் தொப்பிக்கு விலை உண்டு, நாற்று நட்டவர் தொப்பி அநேகமாகத் தென்படுவதே இல்லை. ஏலத்துக்கு வராததால் அது மதிப்பற்றது என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் இராது. ஏலத்துக்கு வந்ததால் ஏலக்காயின் மதிப்பு தெரிந்துவிட்டது என்று மட்டும் தயங்காமல் சொல்லப்படுகிறது.

நறுமணப் பொருள் வாரியம் ஒவ்வொரு ஏலத்துக்கும் வெளியிடும் பட்டியலில் ஏழு விவரங்கள் உள்ளன: தேதி, ஏலம் நடத்தியவர், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை. வந்த அளவில் மறுபதிவு எத்தனை கிலோ, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்றது எத்தனை பங்கு, லிட்டர் எடையின் சராசரி எவ்வளவு, ஒவ்வொரு லாட்டுக்கும் விசையைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இவற்றுள் கடைசி எண்ணைப் பெறப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஏலம் நடந்த ஒவ்வொரு நொடியும் அது அந்தக் கணினியிலேயே பதிவாகிறது. எட்டாவது கட்டமாக அதைச் சேர்த்து வெளியிட்டால், விலை இறங்கிய நாளில் இறங்கியது தேவையா, கூடத்தில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையா என்பதைக் கம்பம்மெட்டில் ஜீப்புக்குக் காத்திருக்கும் காய் எடுக்கும் பெண்கூடப் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.